அடைக்கலம் என்னும் அமானிதம்

மாலையானால் திரும்பிப் போக ஒரு வீடு இருப்பது அல்லாஹுதஆலா மனிதனுக்கு அளித்துள்ள பெரும் நிஃமத்துகளுள் ஒன்றாகும். இருக்கும்வரை அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. வீடுகளை மனிதர் அமைதி பெறும் இடமாக ஆக்கியது தன் அருட்கொடை என்று திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:80) அவன் நினைவூட்டுகிறான். யுத்தம் வந்து அந்த வீட்டைப் பறித்துக்கொள்ளும்போது, மனிதன் முதலில் கேட்கும் கேள்வி "எங்கே போவேன்?" என்பது. அவனைத் தேடி வருவோர் கேட்கும் கேள்வி "எங்கே இருக்கிறான்?" என்பது. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்போர் இரு வகையினர். சோறு கொண்டு வருபவனும் அதைத்தான் கேட்கிறான். வாள் கொண்டு வருபவனும் அதைத்தான் கேட்கிறான்.

ஆகவே, போரினால் வீடிழந்தோர் எங்கெங்கே தங்கியிருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பதும், பெயர் எழுதுவதும், வரைபடத்தில் புள்ளியிட்டுக் காட்டுவதும் நன்மையா, தீமையா? ஒரு காலத்தில் இது அரசாங்கமும் ராணுவமும் மட்டுமே எதிர்கொண்ட கேள்வி. இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் படம் பிடிக்கும் கருவி இருக்கிறது. இருந்த இடத்தை அடையாளம் காட்டும் வசதியும் அதிலேயே இருக்கிறது. ரமலானில் அரிசிப் பொட்டலம் கொடுக்கப் போகும் நம் ஜமாஅத்து இளைஞரும், வீட்டிலிருந்தபடியே வந்த செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடும் நம் தாய்மாரும் இக்கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாகி விட்டார்கள். மார்க்கம் இதற்கு என்ன வழி காட்டுகிறது என்று பார்ப்போம்.

நம் அருகில் இருப்போர்

அகதி என்றால் தொலைதூர தேசத்து மனிதர் என்று எண்ண வேண்டாம். விருதுநகருக்கு அருகே குல்லூர்சந்தை, சிவகாசி வட்டாரத்தில் அனுப்பன்குளம், செவலூர், வெம்பக்கோட்டைப் பக்கம் கண்டியாபுரம் என்று நம் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது நாம் கடந்து போகும் ஊர்கள் இவை. அங்கே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே மணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். இலங்கையைக் கண்ணால் பாராத இலங்கையர் அவர்கள்.

1983 முதல் 3,04,269 பேர் இலங்கையிலிருந்து தமிழகம் வந்தார்கள் என்று 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அப்போது 108 முகாம்களில் 58,822 பேரும், போலீஸ் நிலையத்தில் பதிந்துகொண்டு முகாமுக்கு வெளியே 34,087 பேரும் வாழ்ந்து வந்தனர். அதே மாதத்தில் "அகதிகள் முகாம்" என்ற பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று அரசு மாற்றியது. மனிதனை அவன் இழப்பைக் கொண்டு அழைக்கலாகாது என்னும் நல்லெண்ணம் அதில் இருக்கிறது.

கடலுக்கு அப்பால் நம் மார்க்கச் சகோதரர்களின் கதையும் உண்டு. 1990 அக்டோபரில் வட இலங்கையின் முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30 அன்று அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 பேர் சிறு தொகையும் உடுத்த துணியுமாக வெளியேறினர். பெரும்பாலோர் சென்று சேர்ந்த இடம் புத்தளம். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. யுத்தத்தினால் தமிழரும் வீடிழந்தனர், முஸ்லிம்களும் வீடிழந்தனர். அடைக்கலம் தேடுவோரின் துயரத்துக்கு மதம் கிடையாது என்பதை இதைவிட எது எடுத்துக்காட்ட முடியும்?

பட்டியலின் நன்மை

பட்டாசுத் தொழில் நடக்கும் நம் பகுதியில் பெயர்ப் பதிவின் அருமையை யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆலைக்கு உரிமம் கேட்கும்போதே எந்த ஷெட் எங்கே, ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்ற வரைபடம் கொடுக்க வேண்டும். ஒரு ஷெட்டில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று கணக்கும் உண்டு. வெடிச் சத்தம் கேட்டவுடன் ஓடி வருகிறவர்களின் முதற் கேள்வி, "உள்ளே எத்தனை பேர்?" என்பதுதான். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உதவவும் பார்க்கவும் ஓடியவர்களும் அவர்களுள் இருந்தனர். அத்தகைய நேரத்தில் பதிவேட்டில் பெயரில்லாத தொழிலாளியை யார் தேடுவார்? அவன் குடும்பம் எதைக் காட்டி நிவாரணம் கேட்கும்?

அகதியின் நிலையும் அதுவே. எழுதப்பட்ட ஒரு வரி அவன் வாழ்வையே மாற்றிவிடுகிறது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர் தமக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்பது சட்டம். ஆகவே அவர் இந்தியக் குடிமகள்தான் என்று 2022-ல் தீர்ப்பாயிற்று. அவருக்குத் துணை நின்றது எது? இன்னார், இந்த நாளில், இந்த இடத்தில் பிறந்தார் என்று அன்று யாரோ ஒருவர் ஒழுங்காக எழுதிக் கொடுத்த பிறப்புச் சான்றிதழ்!

2025 செப்டம்பரில் மத்திய அரசு பிறப்பித்த ஆணையும் இவ்வாறே. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் தங்கியிருப்பதன் பொருட்டுத் தண்டனை கிடையாது என்று அது விலக்கு அளித்தது. பதிவு செய்துகொண்டவருக்கே அந்த விலக்கு.

தேவையுள்ளவரைத் தேடிக் கண்டுபிடிப்பது மார்க்கத்தின் கட்டளையுமாகும். அல்பகரா அத்தியாயம் (2:273) ஒரு சாரார் பற்றிப் பேசுகிறது. அவர்கள் வறியவர்கள், ஆயினும் வற்புறுத்திக் கேட்கமாட்டார்கள். அவர்களுடைய தன்மானத்தைக் கண்டு, அறியாதவன் அவர்களைச் செல்வர் என்று நினைத்துக்கொள்வான். அவர்களது முகக்குறியே அவர்களைக் காட்டித் தரும். வாய் திறந்து கேளாதவரை அறிந்துகொள்ள வேண்டுமானால் நாம்தான் நடந்து போக வேண்டும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் ஊர் சுற்றியதும், பசித்த பிள்ளைகளைத் தூங்கவைப்பதற்காக வெறும் நீரை அடுப்பில் ஏற்றி வைத்திருந்த தாயைக் கண்டு, மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து வந்ததும் நாம் கேட்டு வளர்ந்த வரலாறு. அவர்கள் திவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தியதும் உரியவருக்கு உரியது சேர வேண்டும் என்பதற்காகவே.

அதே பட்டியலின் மறுமுகம்

நம் அருகில் உள்ள முகாம்களுக்கு மக்கள் வந்ததற்குக் காரணமான 1983 ஜூலைக் கலவரத்தை நினைத்துப் பாருங்கள். கொழும்பிலே தமிழர் வீடு எது, கடை எது என்று கண்டுபிடிக்கக் கலகக்காரர்கள் கையில் வாக்காளர் பட்டியலை வைத்திருந்தார்கள். ஓட்டுரிமை தருவதற்காக எழுதப்பட்ட பட்டியல் உயிரை எடுப்பதற்கு வழிகாட்டியாயிற்று! எழுதியவன் அப்படி நினைத்து எழுதவில்லை. ஆனால் எழுதிய தாள், எழுதியவன் எண்ணத்துக்குக் கட்டுப்பட்டு நிற்பதில்லை.

வன்னியில் 2009-ல் நடந்தது இதனினும் கொடியது. மக்கள் கூடியிருக்கும் இடங்களில் குண்டு விழாதிருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த இடங்களின் அளவைக் குறிப்புகள் ராணுவத்துக்குத் தெரிவிக்கப்பட்டன. அவ்வாண்டு ஜனவரியில் சுதந்திரபுரம் சந்திக்கருகே, அரசு பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த பகுதியில், ஐ.நா. ஊழியர்கள் உணவு வழங்கும் நிலையம் அமைத்து, இடத்தையும் அறிவித்திருந்தார்கள். அங்கும் ஷெல் விழுந்தது. வன்னியின் மருத்துவமனைகள் இருந்த இடம் அரசுக்கு நன்கு தெரிந்தும் அவை தாக்கப்பட்டன என்று, ஐ.நா. பொதுச் செயலர் நியமித்த வல்லுநர் குழு 2011-ல் அறிக்கை தந்தது.

மியான்மரிலிருந்து உயிர் தப்பி பங்களாதேஷில் தஞ்சம் புகுந்த ரோஹிங்கியா முஸ்லிம்களின் செய்தி இன்னொரு படிப்பினை. ஐ.நா. அகதிகள் அமைப்பும் பங்களாதேஷ் அரசும் சேர்ந்து அவர்களிடம் திரட்டிய விவரங்கள், எந்த அரசிடமிருந்து தப்பி வந்தார்களோ அந்த மியான்மர் அரசின் கைக்கே போய்ச் சேர்ந்தன என்று 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்டது. சம்மதம் கேட்டே செய்தோம் என்றது அகதிகள் அமைப்பு. உதவிப் பொருள் கிடைக்க வேண்டி அட்டைக்குக் கைரேகை வைத்தோம், மற்றது அறியோம் என்றனர் அம்மக்களில் பலர். பசித்தவனிடம் சோற்றைக் காட்டிக்கொண்டே வாங்கும் சம்மதம் சம்மதம்தானா? இதை மனச்சாட்சி உள்ள ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காஸாவில் வரைபடமே வேதனைக்குக் கருவியானதை உலகமே கண்டது. 2023 டிசம்பர் 1-ல் இஸ்ரேலிய ராணுவம் காஸாவை எண்ணிட்ட நூற்றுக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து வெளியிட்டது. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்து கிடந்த மக்களிடம், உங்கள் கட்டத்தின் எண்ணைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு வெளியேறுங்கள் என்று சொல்லப்பட்டது. போகச் சொன்ன இடங்களிலும் குண்டு விழுந்தது.

ஆக, ஒரே தீக்குச்சிதான் விளக்கையும் ஏற்றுகிறது, கூரையையும் எரிக்கிறது. தீப்பெட்டியும் மத்தாப்பும் செய்து பிழைக்கும் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? மருந்தைத் தொடாதே என்று நாம் சொல்வதில்லை. யார் தொடலாம், எவ்வளவு தொடலாம், எங்கே வைக்கலாம் என்றுதான் ஒழுங்கு வகுக்கிறோம். அகதியின் இருப்பிடம் பற்றிய அறிவுக்கும் அவ்வாறே ஒழுங்கு வேண்டும்.

குகையும் அரசவையும்

அந்த ஒழுங்கு நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இருக்கிறது. மறைவான அடைக்கலம், வெளிப்படையான அடைக்கலம் இரண்டையும் அவர்களும் அவர்களுடைய தோழர்களும் அனுபவித்தார்கள்.

ஹிஜ்ரத்தின்போது நபியவர்களும் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களும் தௌர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். பிடித்துத் தருவோருக்கு நூறு ஒட்டகம் என்று குறைஷியர் அறிவித்திருந்தனர். அந்தக் குகை யாருக்குத் தெரியும்? விரல்விட்டு எண்ணிவிடலாம். அபூபக்கரின் மகன் அப்துல்லாஹ் பகலில் மக்காவில் கேட்ட செய்தியை இரவில் கொண்டு வருவார். மகள் அஸ்மா உணவு கட்டிக் கொடுப்பார். ஆமிர் இப்னு ஃபுஹைரா ஆடுகளை ஓட்டி வந்து பால் தருவார்; காலடித் தடமும் அந்த மந்தையால் மறைந்துபோகும். வழிகாட்டியான அப்துல்லாஹ் இப்னு உரைகித் குறித்த நாளில் ஒட்டகங்களோடு வந்து நிற்பார். அவர் அன்று முஸ்லிமும் அல்லர். ஆயினும் நூறு ஒட்டகம் அவரை அசைக்கவில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். அந்த இடத்தை அறிந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு வேலை இருந்தது. செய்தி, சோறு, பால், வாகனம் என்று எதையேனும் சுமந்து சென்றவர்களே அறிந்திருந்தார்கள். வேடிக்கைக்காக அறிந்தவர் ஒருவரும் இல்லை. அபூஜஹ்ல் வந்து, உன் தந்தை எங்கே என்று அஸ்மா (ரலி) அவர்களைக் கேட்டான். அறியேன் என்றார்கள். அவன் அறைந்த அறையில் காதணி கழன்று விழுந்தது. வாயிலிருந்து வார்த்தை விழவில்லை. கொடுங்கோலனுக்குப் பயந்து ஒருவர் மறைந்திருக்கும்போது அவர் இருப்பிடத்தைக் கேட்டால், பொய் சொல்லியேனும் மறைப்பது வாஜிபு என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் எழுதியிருக்கிறார்கள். பொய்யை அத்தனை வெறுக்கும் மார்க்கம் இந்த இடத்தில் அதைக் கடமையாக்குகிறது என்றால், அடைக்கலத்தின் கண்ணியம் எவ்வளவு பெரியது!

இனி வெளிப்படையான அடைக்கலத்தைப் பாருங்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்ற முஸ்லிம்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது குறைஷியருக்குத் தெரிந்தே இருந்தது. காணிக்கைகளோடு தூதுவரை அனுப்பி அவர்களைத் திருப்பித் தருமாறு கேட்டார்கள். நஜ்ஜாஷி மன்னர் ஒருபக்கம் கேட்டுத் தீர்ப்பளிக்கவில்லை. ஜஃபர் (ரலி) அவர்களை அழைத்து அவர்கள் தரப்பையும் கேட்டார். காணிக்கைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இடம் தெரிந்தும் அம்மக்களுக்குத் தீங்கு நேரவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விதி தெளிவாகிறது. இடத்தை அறிந்தவன் நீதியாளனாக இருந்தால் அறிவித்தல் பாதுகாப்பு. அவன் நீதியற்றவனாக இருந்தால் மௌனம்தான் பாதுகாப்பு. யார் கைக்குப் போகும் என்று தெரியாத நிலையில் ஊரெல்லாம் சொல்வது என்ன? அது அபூஜஹ்ல் கேளாமலே அவனுக்குப் பதில் சொல்வதாகும்.

அறிவது கடமை, பரப்புவது வேறு

அந்நிஸா அத்தியாயத்தின் 83-வது வசனம் இப்பொருளுக்கு விளக்காக நிற்கிறது. அமைதியைப் பற்றியோ பயத்தைப் பற்றியோ ஒரு செய்தி வந்தவுடன் அதைப் பரப்பி விடுவோரை அல்லாஹ் கண்டிக்கிறான். தூதரிடமும் பொறுப்பாளர்களிடமும் அதைக் கொண்டுபோயிருந்தால், ஆராய்ந்து அறியக் கூடியவர்கள் அறிந்திருப்பார்கள் என்கிறான். செய்தியை மறைத்துவிடச் சொல்லவில்லை. உரிய இடத்தில் சேர்க்கச் சொல்கிறான். அல்ஹுஜுராத் அத்தியாயமோ (49:12) துருவித் துருவி ஆராய்வதைத் தடை செய்கிறது. அந்நூர் அத்தியாயம் (24:27) பிறர் வீட்டில் ஸலாம் சொல்லி அனுமதி பெறாமல் நுழையாதீர் என்கிறது. தார்ப்பாய் போட்ட குடிசையும் வீடுதான். கதவில்லாத வாசலிலும் அனுமதி கேட்கத்தான் வேண்டும்.

ஒருவர் நம்மிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, யாரேனும் கேட்கிறார்களா என்று சுற்றும் முற்றும் திரும்பிப் பார்த்தாரானால், அந்தச் செய்தி அமானிதம் என்பது அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் வரும் நபிமொழியின் கருத்தாகும். "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அவர் வாயால் சொல்லியிருக்க வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்ததே போதும். வீடிழந்தவர் தம் வாழ்நாள் முழுவதும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பவர் அல்லவா? அவர் நம்மிடம் சொல்லும் ஊர், பெயர், உறவு, நோய், கடன் அத்தனையும் அமானிதமே.

"நாலு பேருக்குத் தெரிந்தால்தானே உதவி வரும்? படம் போட்டால்தானே கொடுப்பவர் நம்புவார்?" என்று சில சகோதரர்கள் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மறைத்து மறைத்தே மறந்துபோன மக்களும் உண்டு. ஆனால் கொடுப்பவர் அறிய வேண்டியது எது? இத்தனை குடும்பம், இத்தனை குழந்தைகள், இன்ன தேவை என்பதுதான். ஒரு தாயின் முகமும், அவள் குடியிருக்கும் வரிசையும், கைப்பேசி எண்ணும் அவருக்கு எதற்கு? கணக்கு வேறு, காட்டிக்கொடுத்தல் வேறு. நம்பிக்கைக்கு ஜமாஅத்தின் ரசீதும் பொறுப்பாளரின் சொல்லும் போதும். அவையே போதவில்லை என்றால் குறை நம் ஜமாஅத்தின் நாணயத்தில் இருக்கிறது. ஏழையின் படத்தால் அதை ஒட்டுப்போட முடியாது. தர்மத்தை மறைவாகக் கொடுப்பது மேல் (2:271) என்றும், சொல்லிக் காட்டியும் மனம் நோகச் செய்தும் அதை வீணாக்காதீர் (2:264) என்றும் அல்லாஹ் சொல்லியிருக்க, படம் போட்ட பொட்டலத்தில் எதை எதிர்பார்க்கிறோம்?

"அரசாங்கம்தான் எல்லாம் செய்கிறதே, நமக்கென்ன?" என்போரும் உண்டு. முகாமில் வீடும் உதவித்தொகையும் அரசு தரலாம். அண்டை வீட்டாரை அரசு தர முடியாது, அது நாமேதான். இருப்பிடத்தைப் பரப்பாதே என்பதைச் சாக்கிட்டு, அறிந்துகொள்ளாமலே இருந்துவிடுவதும் குற்றமே. தௌர் குகையை நால்வரும் அறியாதிருந்தால் அங்கே உணவு எப்படிப் போயிருக்கும்?

முகாம்களில் வாழ்வோரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லரே என்ற எண்ணம் சிலருக்கு வரலாம். ஜகாத்தின் பங்கீட்டுச் சட்டத்தை அவரவர் ஊர் ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். ஸதகாவுக்கும் நல்லுறவுக்கும் அந்த வரம்பு இல்லை. மார்க்கத்தின் பொருட்டு நம்மோடு போரிடாதவர்க்கு நன்மை செய்வதையும் நீதி செய்வதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று அல்மும்தஹினா அத்தியாயம் (60:8) தெளிவாகச் சொல்கிறது. அத்தௌபா அத்தியாயமோ (9:6), இணைவைப்போரில் ஒருவர் அடைக்கலம் கேட்டாலும் கொடுத்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டு சேர்க்கச் சொல்கிறது. கொண்டு சேர்க்கும் வரை பொறுப்பு நம்முடையது.

ஜமாஅத்துகள் செய்யத் தக்கவை

முகாமுக்கோ, முகாமுக்கு வெளியே தங்கியிருக்கும் குடும்பங்களுக்கோ போகிறவர்கள் சிலராக இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கட்டும். வேலை இல்லாதவர் உடன் வர வேண்டியதில்லை.

பெயர் எழுதும் முன், எதற்காக எழுதுகிறோம், யாரிடம் இருக்கும், எப்போது கிழித்துவிடுவோம் என்று அவருக்குச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். மறுத்தால், கொண்டுபோனதை மறுப்பில்லாமல் கொடுத்துவிட்டு வாருங்கள். பெயர் கொடுத்தால்தான் பொருள் என்பது தர்மமாகாது, வியாபாரமாகிவிடும். எழுதிய தாள் முத்தவல்லியின் பெட்டியில் பூட்டப்பட்டு இருக்கட்டும். கைப்பேசிகளில் சுற்ற வேண்டாம். காரியம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். குழந்தைகளைப் படம் எடுக்கவே வேண்டாம். கூட்டத்தில் கணக்குப் படிக்கும்போது எண்ணிக்கை போதும், பெயர் வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட மேலான ஒன்று இருக்கிறது. மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒவ்வொரு முஹாஜிரையும் ஓர் அன்சாரியோடு சகோதரராக இணைத்தார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவருக்காகத் துஆ செய்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டும்படி மட்டும் கேட்டார்கள். ஊரை விட்டு வந்தவருக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்று பிறருக்குக் காட்டுவது தேவைப்படவில்லை. சந்தை எங்கே இருக்கிறது என்று தமக்குக் காட்டுவதே தேவைப்பட்டது.

நாமும் அதைச் செய்யலாமே! அகதியைப் பிறருக்குக் காட்டும் வரைபடத்துக்குப் பதிலாக, நம் ஊரை அகதிக்குக் காட்டும் வரைபடம் ஒன்றை ஆயத்தம் செய்யலாம். சிவகாசி அரசு மருத்துவமனை எங்கே, விருதுநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எந்த பஸ், இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும், பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே மனு கொடுப்பது, இங்கே பிறந்த பிள்ளையைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவது எப்படி, கல்லூரிச் சேர்க்கைக்கு யாரைக் கேட்பது, ரமலானில் நோன்புக் கஞ்சி எந்தப் பள்ளிவாசலில் என்று ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுக்கலாம். இந்தியா முழுவதற்கும் காலண்டர் அச்சிட்டு அனுப்பும் சிவகாசியில் ஒரு தாள் அச்சிடுவது பெரிய காரியமா? அதில் ஓர் அகதியின் பெயரும் இருக்காது. ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் அது பயன்படும். தவறான கைக்குப் போனாலும் யாருக்கும் தீங்கு செய்யாது.

முடிவாக

நாளை மறுமையில் நம்மிடம் இரண்டும் கேட்கப்படும். உன் அருகே வீடிழந்தவன் இருந்தானே, அவனை அறிந்துகொண்டாயா என்று கேட்கப்படும். அறிந்ததை என்ன செய்தாய் என்றும் கேட்கப்படும். முதற் கேள்விக்குப் பதில் சொல்லக் கால்கள் நடந்திருக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல நாவும் விரலும் அடங்கியிருக்க வேண்டும். அமானிதங்களை அவற்றுக்குரியவரிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்னும் இறைக்கட்டளை (4:58) பொன்னுக்கும் பொருளுக்கும் மட்டும் உரியதன்று. ஒரு மனிதன் தலைசாய்த்திருக்கும் இடமும் அமானிதமே. அதற்கு உரியவர் அந்த மனிதர்தாம்.

வல்ல நாயன் அல்லாஹ், வீடிழந்தோர் அனைவரையும் அமைதியான இல்லங்களில் சேர்ப்பானாக! அவர்களை நாடிச் செல்லும் கால்களையும், அவர்களைக் காட்டிக்கொடாத நாவையும் நமக்கு அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.